கோபம் வீட்டுக்கு வரும் வழி

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் மாலை வேளையில் ஷூ கம்பெனி பஸ்கள் வரிசையாகப் புறப்படுவதை நேயர்களில் பலர் பார்த்திருப்பார்கள். அவற்றில் ஏறும் ஸ்திரீகளின் பைகளைக் காவற்காரர் வாசலிலேயே சோதித்து விடுகிறார். தோல் துண்டு ஒன்றுகூட வெளியே வர முடியாது. பகலெல்லாம் மனத்தில் சேர்ந்த கோபத்தைச் சோதிப்பவர்தாம் யாரும் இல்லை. அது தாராளமாகப் பஸ் ஏறி, கிராமத்து முச்சந்தியில் இறங்கி, வீட்டு வாசற்படியையும் தாண்டி விடுகிறது.

பாலாற்றங்கரையில் தோல் பதனிடுவது பழைய தொழில். 1973-ஆம் வருஷத்தில் பதனிடாத தோலின் ஏற்றுமதியைச் சர்க்கார் தடுத்து, அரைகுறையாகப் பதனிட்டதையும் கட்டுப்படுத்தவே, முதலாளிகள் முழுத் தோலுக்கும் பிறகு பாதரட்சைக்கும் திரும்பினார்கள். ஷூவின் மேற்பாகம் தைக்கும் மிஷின்களின் முன்னால் நம் பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்து அமர்ந்தது அப்படித்தான். குடும்பத்தில் இரண்டாவது சம்பளம் நுழைந்தது நல்ல விஷயமே. அதன் பின்னாலேயே இரண்டாவது சிடுசிடுப்பும் நுழைந்தது.

வேலையின் அமைப்பு அப்படி. வரிசையில் ஒருத்தி பிந்தினால் அடுத்தவளின் கை சும்மா நிற்கிறது. மணிக்கு இத்தனை ஜோடி என்று கணக்கு. அயல்நாட்டு வியாபாரி கப்பல் தேதியைக் காட்டி முதலாளியை நெருக்குகிறார், முதலாளி மானேஜரை, மானேஜர் சூப்பர்வைசரை, சூப்பர்வைசர் அந்தப் பெண்ணை. அவள் வீட்டுக்கு வந்து புருஷனைக் கடிந்துகொள்ள, அவர் எட்டு வயதுப் பையனின் முதுகில் கணக்கைத் தீர்க்கிறார். பையன் யாரிடம் போவான்? மறுநாள் பக்கத்துப் பையனின் நோட்டைக் கிழிக்கிறான். உபாத்தியாயர்களாகிய நமக்கு அந்த நோட்டு மட்டுந்தான் கண்ணில் படுகிறது.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு. இரவு குடித்துவிட்டு வந்த கணவன், காலையில் வாசலில் வந்து நிற்கும் குழுக்கடன் தவணை, காய்ச்சலில் கிடக்கும் குழந்தை இவற்றையெல்லாம் சுமந்து வந்தவளின் தையல் கோணிப் போகிறது. சூப்பர்வைசர் கோணல் தையலைப் பார்க்கிறார். அதற்குமேல் பார்க்க அவருக்கு நேரம் இல்லை.

இதில் நமது தமிழும் உடந்தை என்பது நம் அபிப்பிராயம். இங்கிலீஷில் ஒருவரை அவமதிக்கத் தனிச் சொல் தேட வேண்டும். தமிழில் வினைமுற்றின் வால் ஒன்றே போதும். “இந்த ஜோடியைப் பிரித்துத் தைக்க வேண்டும், அம்மா” என்பதும், “ஏய், பிரித்துத் தை” என்பதும் ஒரே உத்தரவுதான். முதலாவதைக் கேட்டவள் தையலைப் பற்றி யோசிக்கிறாள். இரண்டாவதைக் கேட்டவள் தன்னைவிடப் பத்து வயது இளையவன் தன்னை ‘ஏய்’ என்றதையே மாலைவரை யோசிக்கிறாள். அதையும் வரிசை முழுவதும் கேட்கும்படி சொல்லியிருந்தால், வீட்டில் அன்று சோறு பொங்கும் முன்பே வேறொன்று பொங்கும். வீட்டிலோ, ‘எப்போதும்’, ‘ஒருநாளாவது’ என்ற இரண்டு சொற்கள் போதும். “இன்று மூன்று ஜோடியைத் திருப்பிவிட்டார்கள், தலை வலிக்கிறது” என்றால் கேட்பவருக்குப் பதில் சொல்ல இடம் உண்டு. “நீங்கள் ஒருநாளாவது உலை வைத்ததுண்டா?” என்றால், பதினைந்து வருஷத்து வழக்கு அத்தனையும் அன்றிரவே விசாரணைக்கு வந்துவிடும்.

சண்டையே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. 1918-ஆம் வருஷம் ஆமதாபாத்தில் நடந்த மில் தொழிலாளர் போராட்டம் நினைவுக்கு வருகிறது. தொழிலாளர் பக்கம் நின்றவர் அனசூயா சாராபாய். மில் முதலாளிகளின் பக்கம் முன்நின்றவர் அவருடைய சொந்தத் தம்பி அம்பாலால். வீட்டுச் சண்டையும் தொழிற் சண்டையும் ஒன்றாய்ச் சேர இதைவிட வேறு சந்தர்ப்பம் வேண்டுமா? முதலாளிகள் நூற்றுக்கு 20 உயர்வு என்றார்கள். காந்தியடிகள் 35 என்று நிர்ணயித்தார். சபர்மதிக் கரையில் ஒரு வேலமரத்தடியில் தினந்தோறும் கூட்டம். அனசூயாவின் பெயரால் துண்டுப் பிரசுரங்கள். தொழிலாளர் எடுத்துக்கொண்ட பிரதிக்ஞையில், கதவடைப்பு நடக்கும் காலத்தில் கலகம் செய்வதில்லை என்பதுடன், வசைமொழி பேசுவதில்லை என்பதும் ஒரு ஷரத்து! கடைசியில் இரு தரப்பும் ஒப்பிய மத்தியஸ்தர் ஆனந்தசங்கர் துருவா 35 சதவிகிதமே நியாயம் என்று தீர்ப்பளித்தார். அக்காளும் தம்பியும் அக்காளும் தம்பியுமாகவே இருந்தார்கள்.

அந்தப் போராட்டத்தின் முடிவில் காந்தியடிகள் மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்தார். முதலாளிகள் தம் நண்பர்களாகையால் அது அவர்களை நிர்ப்பந்திப்பதாயிற்று என்று பின்னால் சுயசரிதையில் அவரே குறை கண்டார். ‘எனக்குச் சாப்பாடு வேண்டாம்’ என்று பாயை விரித்துச் சுவரைப் பார்த்துப் படுக்கும் நம் வீட்டுச் சத்தியாக்கிரகிகள் இதைச் சற்றுக் கவனிக்கலாம்.

வேலூருக்கு வருவோம். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மனநல மருத்துவமனை 1957-இல் பாகாயத்தில் தொடங்கியது. மனநோயாளியைத் தனியே பூட்டி வைப்பதே உலக வழக்கமாக இருந்த காலத்தில், நோயாளியுடன் குடும்பத்தாரும் வந்து தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறையை அங்கே வளர்த்தார்கள். அதே பத்தாண்டில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர், ஆஸ்பத்திரி வளாகத்தில் கூடாரம் அடித்து உறவினரைத் தங்க வைத்தார். ஒருவருடைய மனக்கலக்கத்தை ஆற்றுவதற்கு அவரைச் சுற்றியிருப்பவர் எப்படிப் பேசுகிறார், எப்படிக் கேட்கிறார் என்பதும் மருந்தோடு சேர்ந்தது என்று கண்டவர்கள் அவர்கள். இந்தப் பெருமை நம் வாசலிலேயே இருக்க, தூக்கமின்றித் தவிக்கும் பெண்ணை மந்திரிக்க அழைத்துச் செல்பவர் இன்றும் உண்டு. 14416 என்ற எண்ணில் சர்க்காரின் இலவச மனநல ஆலோசனை 2022 முதல் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

இனிய சொல்லுக்கும் எல்லை உண்டு. அடிப்பது சண்டையில் சேராது. அதற்கு 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. 181 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. வேலையிடத்தில் பெண்ணிடம் தகாத முறையில் நடப்பதும் ‘கோபக்காரர், பொறுத்துப் போ’ என்று விடத்தக்கதன்று. 2013-ஆம் வருஷத்துச் சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஒரு பெண்ணின் தலைமையில் புகார்க் குழு இருந்தாக வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். சிறு பட்டறைகளில் இருப்பவர்களுக்கு ஜில்லாவிலுள்ள குழு. இதைத் தன் கம்பெனிப் பலகையில் படித்துக்கொள்வது ஒவ்வொரு பெண்ணுக்கும் நல்லது. பலகையே இல்லையென்றால், ஏன் இல்லை என்று நாலைந்து பேராகச் சேர்ந்து கேட்பது அதைவிட நல்லது.

பள்ளிக்கூடங்கள் செய்யக்கூடிய சிறு காரியம் ஒன்றும் உண்டு. பெற்றோர் கூட்டத்தைச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வைத்தால், தாய்க்கு அரைநாள் சம்பளம் போகிறது, சூப்பர்வைசரிடம் வசவு கிடைக்கிறது. அன்று மாலை பையனின் முதுகு என்ன ஆகும் என்பதை மேலே சொன்னோம். கம்பெனிகளுக்கு ஞாயிறு விடுமுறை. அன்று காலை ஒன்பது மணிக்குக் கூட்டம் வைத்தால் தகப்பனாரும் வரக்கூடும். நாம் நாற்காலிகளைப் போட்டு வைக்கிறோம். காபிக்கு ஏற்பாடு செய்வதைத் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்ளட்டும்.