லால்பாக்கைத் தொடாதீர்கள்

பெங்களூரில் ஹெப்பாளையும் சில்க் போர்டு சந்திப்பையும் இணைக்கும் சுரங்கச் சாலைக்காக லால்பாக் தாவரவியல் பூங்காவில் ஏறத்தாழ 6 ஏக்கர் தேவைப்படும் என்ற செய்தி 2025-இல் வெளியானது. காலை நடைக்கு வருபவர்கள் முதல் நிலவியல் அறிஞர்கள் வரை பலரும் கொதித்தெழுந்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பிறகு, பூங்காவுக்குக் கேடு வராது, மாற்று இடம் பார்க்கலாம் என்று அரசுத் தரப்பு இறங்கிவந்தது. அதை வரவேற்கிறோம். ஆனால், வாய்மொழி உறுதியை மட்டும் நம்பி அந்தப் பூங்காவை விட்டுவிட முடியாது. லால்பாக்கின் ஒரு சென்ட் நிலம்கூட இந்தச் சாலைக்குப் போகக் கூடாது. அதற்கான உறுதியைச் சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

இந்தப் பூங்காவின் வரலாற்றைப் புரட்டினால் ஓர் உண்மை பளிச்சென்று தெரியும். ஆண்டவர்கள் மாறினார்கள், ஆனால் ஒவ்வொருவரும் இதற்கு ஏதாவது சேர்த்துவிட்டே போனார்கள். 1760-இல் ஹைதர் அலி 40 ஏக்கரில் இதைத் தொடங்கினார். தோட்டக்கலையில் கைதேர்ந்த திகளர்களைத் தமிழ்ப் பகுதியிலிருந்து அவர்தான் அழைத்துவந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பெங்களூரின் கரகத் திருவிழாவை இன்றும் முன்னின்று நடத்துவது அதே சமூகம்தான். திப்பு சுல்தான் வெளிநாடுகளிலிருந்து விதைகளையும் செடிகளையும் தருவித்தார். 1856-இல் இது அரசு தாவரவியல் பூங்கா ஆனது. லண்டன் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்று வந்து பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஜான் கேமரனின் காலத்தில் கண்ணாடி மாளிகை எழுந்தது. 1889-இல் இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அதற்கு அடிக்கல் நாட்டினார். நம் வீடுகளில் கூட்டுக்குப் போடும் சௌசௌவை, அதாவது பெங்களூர் கத்தரிக்காயை, இந்த ஊருக்குக் கொண்டுவந்தவர் என்ற பெயரும் கேமரனுக்கு உண்டு.

அவர் காலத்தில்தான் பூங்கா வேகமாக விரிந்தது. 1889-இல் கிழக்கே 30 ஏக்கர் சேர்ந்தது. 1891-இல் பெரும்பாறையும் அதன் உச்சியிலுள்ள கெம்பே கவுடா கோபுரமும் அடங்கிய 13 ஏக்கர், 1894-இல் மேலும் 94 ஏக்கர். ஜெர்மானியரான கிரும்பிகல், அவருக்குப் பின் ஜவராயா, மரிகவுடா எனப் பொறுப்பேற்ற ஒவ்வொருவரும் மரம் வைத்தார்களே தவிர மண்ணைக் கொடுக்கவில்லை. சுல்தான்களும் வெள்ளையரும் மைசூர் மன்னர்களும் கூட்டிக் கூட்டி 240 ஏக்கராக நம் கையில் தந்ததை, மக்களாட்சியில் நாம் குறைக்கலாமா?

6 ஏக்கர் என்பது நாற்பதில் ஒரு பங்குதானே என்று கேட்பவர்கள் ஒருமுறை அந்தப் பாறைமீது ஏறிப் பார்க்கட்டும். சாம்பல் நிறப் பரப்பில் வெளிர் வரியும் கருவரியும் மாறி மாறி வளைந்தோடும். பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய நைஸ் பாறை அது. வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்த இடம். பள்ளிப் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் அந்தப் பாறைக்கு முன்னால், அதே பூங்காவில் இருக்கும் 2 கோடி ஆண்டுப் பழமையான கல்மரம்கூடக் குழந்தைதான். அந்தக் கல்மரம் நம் திருவக்கரையிலிருந்து போனது. வாகன நெரிசலில் திணறும் நகரத்தின் நடுவே, கட்டணம் கொஞ்சம் கொடுத்தால் யாரும் உள்ளே போய், இலவ மரத்தின் பலகை வேர்களுக்கிடையே நின்று, குயிலோசையைக் கேட்க முடிகிற இடம் இது. சுரங்கச் சாலையின் ஏறுதளமும் இறங்குதளமும் வாசலருகே வந்தால் முதலில் சாவது அந்த அமைதிதான்.

வேலை முடிந்ததும் மேலே மண்ணைப் போட்டு மரம் நட்டுவிடலாம் என்ற வாதமும் எழக்கூடும். நூறாண்டு நின்ற மரத்தை வெட்டிவிட்டு நாற்று நடுவது ஈடாகாது. நிலத்தடியில் பெரும் குழாய்போலச் சுரங்கம் குடைந்தால் நீரோட்டம் எப்படி மாறும், பூங்காவின் ஏரியும் மர வேர்களும் அதைத் தாங்குமா, பாறைக்கு அதிர்வு எட்டுமா என்ற கேள்விகளுக்கு விடை தெரிந்த பிறகே வரைபடம் போட்டிருக்க வேண்டும்.

பெங்களூரின் நெரிசல் கற்பனை இல்லை. சில்க் போர்டு சந்திப்பில் மாலை நேரத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்த வேதனை தெரியும். எனவே தீர்வு வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. எந்தத் தீர்வு என்பதுதான் கேள்வி. சுமார் 16.75 கிலோமீட்டர் சுரங்கச் சாலைக்கு மதிப்பிட்ட செலவு 17,000 கோடி ரூபாய்க்கும் மேல். அதில் சுங்கக் கட்டணம் உண்டு. இருசக்கர வண்டிகளுக்கும் ஆட்டோக்களுக்கும் இடமில்லை. ஆனால் 2020-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த புறநகர் ரயில் திட்டம் 148 கிலோமீட்டர். அப்போதைய மதிப்பீடு 15,767 கோடி ரூபாய். கூலித் தொழிலாளியும் ஐ.டி. ஊழியரும் ஒன்றாக ஏறிச் செல்லக்கூடிய அந்த ரயில் ஆமை வேகத்தில் நகர்கிறது. கார் வைத்திருப்பவர்களுக்கான சாலைக்கு மட்டும் ஏன் இத்தனை அவசரம்?

சட்டம் ஏற்கெனவே இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். லால்பாக்கையும் கப்பன் பூங்காவையும் காக்கவே 1975-இல் கர்நாடக அரசுப் பூங்காக்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது எவ்வளவு உறுதியானது என்பதையும் பார்த்துவிட்டோம். 1998-இல் கப்பன் பூங்காவின் ஒரு பகுதியைப் பாதுகாப்பு வரம்பிலிருந்து நீக்க அரசே முனைந்தது. மக்கள் வீதிக்கு வர வேண்டியிருந்தது. 2009-இல் மெட்ரோவுக்காக லால்பாக்கின் ஓரத்துச் சுவர் இடிந்தது. மெட்ரோ எல்லோரையும் சுமக்கும் வண்டி என்பதால் அந்தக் காயத்தை நகரம் பொறுத்துக்கொண்டது. ஆனால் ஓரத்தில் கை வைத்தவர்களுக்கு அடுத்த முறை துணிச்சல் கூடும் என்ற அச்சம் இன்று மெய்யாகியிருக்கிறது. வேலியே பயிரை மேயும் வாய்ப்பை அடைக்காத சட்டம் முழுமையான சட்டம் ஆகாது.

ஆகவே கர்நாடக அரசு மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். ஒன்று, சுரங்கச் சாலையின் திட்ட அறிக்கையிலிருந்து லால்பாக்கை, அதன் அடிநிலம் உட்பட, முற்றிலும் நீக்கி அதை அரசாணையாக வெளியிட வேண்டும். இரண்டு, 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, இரு பூங்காக்களின் எல்லையைக் குறைக்கும் எந்த முடிவும் சட்டமன்றத்தில் விவாதிக்கப்பட்டு, மக்கள் கருத்து கேட்கப்பட்ட பின்னரே செல்லும் என்று ஆக்க வேண்டும். அவசரச் சட்டம் என்ற குறுக்கு வழியை மூட வேண்டும். மூன்று, புறநகர் ரயிலுக்கும் நகரப் பேருந்துகளுக்கும் முதலில் பணம் ஒதுக்க வேண்டும்.

நமக்கும் கடமை உண்டு. குடியரசு நாள், விடுதலை நாள் மலர்க் கண்காட்சிகளின்போது குவியும் கூட்டம் விட்டுச்செல்லும் குப்பையும், மரப்பட்டையில் கீறப்படும் பெயர்களும் வெட்கப்பட வேண்டியவை. மைசூருக்கும் கூர்க்குக்கும் போகும் வழியில் பெங்களூரில் இறங்கும் தமிழகக் குடும்பங்கள், கண்ணாடி மாளிகையின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், பாறைவரை நடந்துபோய்ப் பிள்ளைகளுக்கு அதன் வயதைச் சொல்லட்டும். அருமை தெரிந்தவர்கள் பெருகினால்தான் எதிர்ப்புக் குரலும் வலுக்கும்.

265 ஆண்டுகளில் லால்பாக்கை வளர்க்க ஆட்சியாளர்களுக்கு மனம் இருந்தது. இன்றைய அரசு அதை வளர்க்காவிட்டாலும் போகட்டும். வந்த அளவிலேனும் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கட்டும்.