தைத்துக் கட்டிய படகு



சட்டை தைக்கத் தெரிந்த ஒருவருக்குப் படகு கட்டும் முறையும் பாதி விளங்கும் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பிரித்தானியாவில் பல்லாயிரம் குடும்பங்கள் வீட்டிலேயே கட்டி ஓட்டிய ஒரு சிறிய பாய்ப்படகைப் பற்றி இம்முறை அறிந்து கொள்வோம். அதன் பெயர் 'மிரர்'.

1960களின் தொடக்கம் வரை அங்கே பாய்ப்படகு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் வசதி படைத்தவர்களே. படகு கட்டுவதென்றால் விலா எலும்பு போலச் சட்டங்களை நிறுத்தி, பலகைகளை வளைத்துப் பொருத்த வேண்டும். அதற்குக் கைதேர்ந்த தச்சர் வேண்டும், கூலியும் வேண்டும். வீட்டு வேலைகளை நாமே செய்வது எப்படி என்று தொலைக்காட்சியில் காட்டி வந்த பாரி பக்னெல் என்பவரும், படகு வடிவமைப்பாளரான ஜாக் ஹோல்ட்டும் சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டார்கள். லண்டனில் வெளிவரும் டெய்லி மிரர் பத்திரிகை ஆதரவு கொடுத்தது. அதனால்தான் படகுக்கு அந்தப் பெயர். 1963இல் அறிமுகமானபோது, பாகங்கள் அடங்கிய பொதியின் விலை 63 பவுணும் 11 சிலிங்கும். வாங்கிய குடும்பம் அதைத் தானே பொருத்திக் கொள்ள வேண்டும்.

பொருத்தும் விதத்தைக் கேளுங்கள். தட்டையான துணியை வளைவாக வெட்டி, விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைக்கும்போது அது உடலுக்கேற்ற உருவம் எடுக்கிறதல்லவா? மிரர் படகும் அப்படித்தான். மெல்லிய ஒட்டுப்பலகையில் அடிப்பாகத்துக்கு இரண்டு துண்டுகள், பக்கங்களுக்கு இரண்டு, முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொன்று. அவற்றின் விளிம்பு நெடுகச் சிறு துளைகள் இட்டு, செப்புக் கம்பியைக் கோர்த்து முறுக்குவார்கள். கம்பி இறுக இறுகத் தட்டைப் பலகை வளைந்து படகின் உருவம் எடுக்கும். படகு கோணலாக இழுபட்டிருக்கிறதா என்று இந்த நேரத்திலேயே அளந்து பார்க்க வேண்டும். பிறகு திருத்த முடியாது.

உருவம் சரியென்று கண்டதும் உட்பக்க மூட்டுகளின் மேல் கண்ணாடி நார் நாடாவை வைத்து ரெசின் பூசுவார்கள். அது காய்ந்து இறுகிய பின் வெளியே தெரியும் கம்பிகளை வெட்டி, வெளிப்பக்கமும் அதேபோல் நாடா ஒட்டுவார்கள். தையலில் முதலில் நூலோட்டிப் பிடித்து வைப்பதைப் போன்றதுதான் கம்பியின் வேலை. நிலையான பிடிப்பை ரெசின் கொடுக்கிறது. ரெசின் ஆவி உடலுக்குக் கேடு. காற்றோட்டமான இடத்தில், கையுறை அணிந்து, சிறு பிள்ளைகளைத் தூர வைத்தே அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

பலகையைத் தைத்துப் படகு கட்டுவது எமது கடலுக்குப் புதிதல்ல. சென்னைக் கரையில் அலையைத் தாண்டி ஆட்களையும் பொருட்களையும் ஏற்றி இறக்கிய மசூலா படகுகள் தும்புக் கயிற்றால் தைக்கப்பட்டவை. பக்க மிதவை கொண்ட, சிங்கள மக்கள் 'ஒருவ' என்று அழைக்கும் தோணியிலும் பக்கப் பலகைகளைக் கயிற்றால்தான் கட்டினார்கள். அலை மோதும்போது தையல் சற்று வளைந்து கொடுக்கும் என்பதை அன்றைய மக்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

கட்டி முடித்த மிரர் படகின் நீளம் ஏறத்தாழ 3.3 மீற்றர். வெறும் உடலின் பாரம் 45 கிலோ அளவு, அதாவது ஒரு சீமெந்துப் பையிலும் சற்றுக் குறைவு. இரண்டு பேர் தூக்கலாம். காரின் கூரையில் வைத்துக் கொண்டு போகலாம். பாய்மரத்தையும் குறுகிய துண்டுகளாகவே அமைத்திருந்தார்கள். சிவப்புப் பாய் விரித்த இந்தப் படகுகள் 70,000க்கு மேல் கட்டப்பட்டன.

இனி முதல் ஓட்டம். புதியவர்கள் முதல் நாளிலேயே திறந்த கடலுக்குப் போவதில்லை. மெல்லிய காற்று வீசும் நாளில், ஏரியிலோ அமைதியான கழிமுகத்திலோ இறங்குவார்கள். கரையிலிருந்து வெளியே தள்ளும் காற்றைத் தவிர்ப்பார்கள். பெரியவர், சிறியவர் எல்லோரும் உயிர்காப்பு அங்கி அணிவார்கள். படகின் நடுவே நீருக்குள் இறக்கும் பலகை, காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளிவிடாமல் தடுக்கும். காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்ப்படகும் போக முடியாது. வலமும் இடமுமாகச் சாய்ந்து சாய்ந்துதான் முன்னேற வேண்டும். பயம் வந்தால் பாய்க்கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். பாய் காற்றை இழக்கும், படகு வேகம் குறைந்து நிமிரும். முதல் நாளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய முதற் பாடம் இதுதான்.

இரண்டாவது பாடம் கவிழ்வது. ஆம், ஆழமில்லாத இடத்தில் வேண்டுமென்றே படகைக் கவிழ்த்துப் பழக வேண்டும். மிரர் படகுக்குள் காற்று அடைத்த மூடிய அறைகள் இருப்பதால் அது கவிழ்ந்தாலும் மூழ்காது. நடுப்பலகையில் ஏறி நின்று பாரம் கொடுத்தால் மெல்ல நிமிரும். கட்டி வைத்திருக்கும் வாளியால் தண்ணீரை இறைத்துவிட்டு மறுபடி ஏறலாம்.

சகோதரிகளே, எம்மில் பலருக்குக் கடல் என்றாலே நெஞ்சு பதறும். போரும் 2004 மார்கழி 26இல் வந்த ஆழிப்பேரலையும் அப்படி ஆக்கிவிட்டன. ஆனாலும் வீட்டில் யாரோ ஒருவர் கடலுக்கோ களப்புக்கோ போய்த்தான் அடுப்பு எரிகிறது. சில வீடுகளில் அந்த ஒருவர் பெண்ணாகவும் இருக்கிறார். ஆகவே பாய்ப்படகோ இயந்திரப் படகோ, வீட்டில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எங்கள் படகு கவிழ்ந்தால் மிதக்குமா? ஏறுகிற ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா? கவிழ்ந்தால் கரையை நோக்கி நீந்தப் போகாமல் படகைப் பிடித்துக் கொண்டிருக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியுமா? மிதக்கும் படகு தனி மனிதத் தலையை விடத் தூரத்திலிருந்தே கண்ணில் படும். தேடி வருபவர்கள் கண்டுபிடிப்பதும் இலகு.

படகு பற்றிக் கதைப்பது ஆண்களின் வேலை என்று ஒதுங்க வேண்டாம். அளந்து வெட்டி, விளிம்பு சேர்த்து, கோணல் பார்த்துத் தைக்கும் கை உங்களுடையது. ரெசின் பூசவும், வெடித்த மூட்டைத் திருத்தவும் வேண்டிய பொறுமையும் கணக்கும் அதே கையில் இருக்கிறது. உங்கள் ஊரில் தும்புக் கயிற்றால் பலகை தைத்துப் படகு கட்டிய மூத்தவர்கள் இருந்தால், அவர்களிடம் கேட்டு எமக்கு எழுதுங்கள்.