வைரத்தால் ஒரு ஷேவிங்!

காலை ஒன்பதரைக்கு நந்தனம் சிக்னலில் நிற்கிற இளைஞர்களை எண்ணிப் பாருங்கள். முக்கால்வாசிப் பேருக்குத் தாடி. மிச்சக் கால்வாசியில் சிலருக்கு இப்போது ஒரு புது மோகம்: தாத்தா காலத்து மடக்குக் கத்தியால் வீட்டிலேயே ஷேவிங்! கத்தி வாங்கினால் போதுமா, தீட்ட வேண்டாமா? அதற்கும் ஒரு சாமான் வந்திருக்கிறது. வைரத்தகடு.

'வைரம்' என்ற வார்த்தையை வீட்டுக்காரம்மா காதில் போட்டு வைக்காதீர்கள். தி.நகர் பக்கத்தில்தான் இருக்கிறது. இது மோதிர வைரம் இல்லை. தொழிற்சாலையில் செய்த வைரத்தைப் பொடியாக்கி, எஃகுத் தகட்டின் மேல் நிக்கல் முலாம் பூசிப் பிடித்து வைத்திருப்பார்கள். 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி செயற்கை வைரம் செய்து காட்டியதன் புண்ணியம்.

அதற்கு முன்பே, 1891-ல் அச்செசன் என்ற அமெரிக்கர் வைரம் செய்யப் புறப்பட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது. கிடைத்தது சிலிக்கன் கார்பைடு. மனுஷர் அசரவில்லை. 'கார்பரண்டம்' என்று பேர் வைத்து, சாணைக்கல்லாக்கி விற்றுவிட்டார். அந்தப் பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிற 'கொரண்டம்' வேறொன்றுமில்லை, நம்ம ஊர் 'குருந்தம்' கல்!

சரி, விஷயத்துக்கு வருவோம். உலகத்திலேயே கடினமான பொருள் வைரம். அதில் தீட்டினால் உலகத்திலேயே கூரான கத்தி கிடைக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அங்கேதான் கன்னம் கிழிகிறது. 1200 நம்பர் தகட்டில் வைரத்துகள் சுமார் 9 மைக்ரான். தலைமுடியின் கனமே சுமார் 70 மைக்ரான்தான். காய்கறிக் கத்திக்கு இது தாராளம். சவரக்கத்திக்கு முரடு. வைரம் எஃகை ஆழமாகக் கீறும். அந்தக் கீறல்கள் கத்தி வாயில் வந்து முடியும்போது குட்டி ரம்பம் ரெடி. புதுத் தகட்டில் துருத்திக்கொண்டு நிற்கும் துகள்கள் இன்னும் மோசம்.

ஆகவே, வாய் பெயர்ந்த, மழுங்கிப் போன கத்தியை வழிக்குக் கொண்டுவர மட்டும் வைரம். தண்ணீர் தெளித்து, முதுகும் வாயும் ஒருசேரத் தகட்டில் படும்படி கத்தியைப் படுக்க வைத்து, வாய் முன்னே போகத் தீட்டுங்கள். அழுத்த வேண்டாம். கோணத்தை முதுகே பார்த்துக்கொள்ளும். பிறகு 8000 நம்பர் நைஸ் கல். கடைசியில் தோல் வார். அதில் மட்டும் முதுகு முன்னே, வாய் பின்னே. மாற்றி இழுத்தால் வார் இரண்டு துண்டு!

நந்தனத்தில் சலூன் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் தகட்டைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார்.

"சீக்கிரம் தின்னும் சார், கத்தியை. எப்ப நிறுத்தணும்னு கைக்குத் தெரியணும்."

"நீங்க ஏன் தீட்டறதை விட்டுட்டீங்க?"

"எய்ட்ஸ் பயம் வந்துச்சு. புது பிளேடு போட்டாத்தான் உக்காருவேன்னுட்டாங்க. அதுலேர்ந்து பிளேடை ரெண்டா ஒடிச்சு, ஆளுக்குப் பாதி. அப்பாவோட கத்தி பொட்டியில தூங்குது."

இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986-ல் சென்னையில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் பயத்தில் ஒரு கைவேலை பெட்டிக்குள் போய்விட்டது வருத்தம்தான். ஆனால் பாதி பிளேடு வந்தது நல்லதே. மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் பி கிருமி, உடம்புக்கு வெளியே காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாள் உயிரோடு இருக்கும். எனவே உங்கள் மடக்குக் கத்தி உங்களுக்கு மட்டும். ரூம்மேட் கேட்டால் காசு வேண்டுமானால் கடன் கொடுங்கள், கத்தி வேண்டாம்.

இன்னொன்று. இப்படிப்பட்ட பெரியவர் யாராவது உங்கள் தெருவில் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட்டம் குறைந்ததும் கத்தியோடு போய்த் தீட்டக் கற்றுக்கொள்ளுங்கள். சந்தோஷமாகச் சொல்லித் தருவார். முதல் ஷேவிங் கன்னத்தில் மட்டும், கழுத்து அப்புறம். திங்கட்கிழமை காலை ஆபீஸ் அவசரத்தில் நிச்சயமாக வேண்டாம்.