அடைக்கோழியை வதைக்காதீர்கள்!



நம் பள்ளியில் படிக்கும் பாதிப்பேர் வீட்டில் நாட்டுக்கோழி இருக்கிறது. முட்டைக்காசில்தான் எனக்கு நோட்டு, பேனா எல்லாம். அதனால் கோழி அடை உட்கார்ந்தால் எங்கள் வீட்டில் அது ஒரு பெரிய பிரச்சினை.

பத்துப் பதினஞ்சு முட்டை இட்டதும் கோழி முட்டையை நிறுத்திவிடும். கூட்டை விட்டு எழுந்திருக்காது. கிட்டே போனால் இறகைச் சிலுப்பிக்கொண்டு கொத்த வரும். உடனே பெரியவர்கள், "அடையைத் தெளிய வை" என்பார்கள். எப்படித் தெரியுமா? தொட்டித் தண்ணீரில் முக்குவார்கள். இல்லை என்றால் அதன் இறகையே பிடுங்கி மூக்கில் குத்தி விடுவார்கள். இது சரியா? சரியில்லை என்பதுதான் என் கருத்து.

போன வருஷம் மார்கழியில் எங்கள் கருப்புக்கோழி அடை உட்கார்ந்தது. அப்பத்தா தண்ணியில் மூணு தடவை முக்கியது. காலைப் பிடித்துக்கொண்டது நான்தான். அன்று சாயங்காலமே அது மூலையில் நடுங்கிக்கொண்டு நின்றது. மூணாம் நாள் செத்துப் போச்சு. முக்கியதால்தான் செத்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்தக் குளிரில் அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

கோழி திமிரில் உட்காருவதில்லை. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடுவதால் அது உட்காருகிறது. பண்ணைக் கோழிகள் பெரும்பாலும் அடை உட்காராது. அப்படிப்பட்ட கோழிகளாகப் பார்த்துப் பார்த்தே அந்த இனத்தைப் பெருக்கியிருக்கிறார்கள். குஞ்சு பொரிக்க அங்கே இயந்திரம் இருக்கிறது. நம் வீட்டில் இயந்திரமும் கோழிதான், தாயும் கோழிதான்.

அதனால் முடிந்தால் அடை வைப்பதே நல்லது. சேவலோடு திரிந்த கோழிகளின் புது முட்டையாகப் பத்துப் பன்னிரண்டு வைத்தால் போதும். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் கூமுட்டை தெரிந்துவிடும். 21 நாளில் குஞ்சு வரும். பக்கத்திலேயே தண்ணியும் கம்பும் வைக்க வேண்டும். ஏனென்றால் அது ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் எழுந்து வரும். வெறும் கூட்டில் உட்காரட்டும் என்று விட்டுவிடுவதும் தப்பு. கோழி மெலிந்து போகும், செள்ளும் பிடிக்கும்.

அடை வைக்க முடியாத நேரமும் உண்டு. கோடை வெயிலாக இருக்கலாம், வீட்டில் சேவல் இல்லாமல் இருக்கலாம், குஞ்சைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் இருக்கலாம். அப்போது என்ன செய்வது? அடை உட்கார்ந்த கோழிக்கு வயிறு சூடாகவே இருக்கும். அந்தச் சூடு தணிந்தால் அடை தெளியும். ஆக, தண்ணியில் முக்கும் அப்பத்தாவின் நினைப்பு சரிதான், செய்யும் விதம்தான் தப்பு. தண்ணிக்குப் பதில் காற்று போதும்.

இந்தப் புரட்டாசியில் செவலைக்கோழி உட்கார்ந்தபோது நான் அப்பத்தாவிடம் கெஞ்சி அனுமதி வாங்கினேன். அடியில் ஓட்டை உள்ள தக்காளிப் பெட்டி ஒன்றை நாலு செங்கல் மேல் நிழலில் வைத்தேன். வைக்கோல் எதுவும் போடவில்லை. கோழியை உள்ளே விட்டு, மேலே இன்னொரு பெட்டியைக் கவிழ்த்துக் கட்டினேன். தண்ணியும் தீனியும் வைத்தேன். ராத்திரி மட்டும் நாய் வராமல் திண்ணையில் தூக்கி வைத்தேன். நாலாம் நாள் திறந்துவிட்டால் நேராகப் பழைய கூட்டுக்கே ஓடியது! அப்பத்தா சிரித்தது. மறுபடி ரெண்டு நாள் அடைத்தேன். ஆறாம் நாள் வெளியே வந்து குப்பைமேட்டைக் கிளற ஆரம்பித்தது. அப்புறம் ரெண்டு வாரம் கழித்து முட்டையும் இட்டது. இப்போது அப்பத்தாவே அந்தப் பெட்டியை யாருக்கும் கொடுப்பதில்லை.

"அறுத்துத் திங்கிற கோழிக்கு என்ன பாவம் பாக்குற?" என்று என் வகுப்பில் ஒருவன் கேட்டான். நானும் கோழிக்கறி சாப்பிடுகிறவள்தான். ஆனால் அறுப்பது வேறு, உயிரோடு வைத்து வதைப்பது வேறு. மூக்கு ஓட்டைதான் கோழிக்கு மூச்சு வழி. அதில் இறகைக் குத்திவிட்டு, அது தலையை உதறிக்கொண்டு திரிவதை வேடிக்கை பார்க்கலாமா? மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-லேயே வந்துவிட்டது. சட்டத்துக்குப் பயந்து விட வேண்டாம். நமக்கு முட்டை போட்ட கோழி என்று நினைத்து விட்டால் போதும்.

ரெண்டு பெட்டி, நாலு செங்கல், ஆறு நாள் பொறுமை. இவ்வளவுதான் தேவை. உங்கள் வீட்டிலும் சொல்லிப் பாருங்கள். பெரியவர்கள் முதலில் திட்டுவார்கள், முட்டையைப் பார்த்ததும் ஒத்துக்கொள்வார்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி