அந்தச் செய்தி வந்த ராத்திரி... கும்மிடிப்பூண்டி மறக்காத மே 21

“ராஜீவ் காந்தியைக் கொன்னுட்டாங்களாம்பா... ஸ்ரீபெரும்புதூர்ல குண்டு வெடிச்சிருச்சாம்!”

1991 மே 21, செவ்வாய்க்கிழமை. நள்ளிரவு தாண்டியிருந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில் வாசலில் இருந்த டீக்கடை. சென்னைப் பக்கமிருந்து வந்த ஒரு லாரி டிரைவர் கிளாஸைக் கையில் வாங்கும் முன்பே இதைச் சொன்னார். கடையில் நின்றிருந்த நாலைந்து பேரில் ஒருவரும் நம்பவில்லை. “ஏம்பா, ராத்திரியில இப்படியெல்லாம் பேசாதே” என்று டீ மாஸ்டர் அதட்டியே விட்டார்.

அந்த நாலைந்து பேரில் ஒருவர், அன்று நைட் ஷிப்ட்டில் இருந்த தொழிலாளி. உலையிலிருந்து பழுக்கப் பழுக்க வரும் கம்பியை இடுக்கியால் பிடித்து உருளைக்குள் கொடுப்பது அவர் வேலை. இப்போது எழுபதை நெருங்குகிறார். மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு கும்மிடிப்பூண்டியிலேயே இருக்கிறார். பெயர் வேண்டாம் என்கிறார். “அந்த ராத்திரி எங்க இருந்தீங்கன்னு கேட்டா இந்த ஊர்ல அம்பது வயசு தாண்டின எல்லாரும் ஒரு கதை சொல்லுவாங்க. என் கதை கொஞ்சம் வேற” என்று ஆரம்பிக்கிறார்.

ஓட்டுக் கேட்க வந்த தலைவர்

இன்று ஸ்ரீபெரும்புதூர் காஞ்சிபுரம் மாவட்டம். திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் திருவள்ளூர் மாவட்டம். 1991-ல் இந்தப் பிரிவு கிடையாது. எல்லாமே செங்கல்பட்டு மாவட்டம்தான். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-ல். மக்களவைத் தேர்தலிலும் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் மக்கள் அப்போது ஸ்ரீபெரும்புதூர் தொகுதிக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். காங்கிரஸ் வேட்பாளர் மரகதம் சந்திரசேகர். அவருக்கு ஆதரவு திரட்டத்தான் ராஜீவ் வந்தார். அதாவது, ஏதோ தூரத்து ஊருக்கு வந்தவர் அல்ல. நம்ம தொகுதிக்கு ஓட்டுக் கேட்க வந்தவர்.

விசாகப்பட்டினத்திலிருந்து விமானத்தில் வந்து இறங்கி, பூந்தமல்லி வழியாகக் காரில் போனார். ஸ்ரீபெரும்புதூரில் தன் தாய் இந்திராவின் சிலைக்கு மாலை போட்டார். பிறகு கூட்டம் நடக்கும் மைதானத்துக்கு வந்தார். இரவு 10.20 மணியளவில், மாலையோடு நெருங்கிய தணு என்ற பெண் இடுப்பில் கட்டியிருந்த குண்டை வெடிக்கச் செய்தார். விடுதலைப் புலிகள் அமைப்பு அனுப்பிய மனித வெடிகுண்டு அவர் என்பது விசாரணையில் தெரிய வந்தது. ராஜீவுக்கு அப்போது வயது 46.

அவரோடு இறந்தவர்கள் பதினைந்து பேருக்குக் குறையாது. பாதுகாப்புக்கு நின்ற போலீஸார், கட்சிக்காரர்கள், கவிதை வாசித்துக் காட்ட வந்த ஒரு பள்ளிச் சிறுமி, அவளுடைய தாய். படம் எடுக்க வந்த ஹரிபாபுவும் செத்துப் போனார். அவர் கேமரா மட்டும் தப்பியது. அதிலிருந்த படங்கள்தான் பின்னால் வழக்கின் முக்கியத் துப்பாயின.

விடியும் வரை வதந்தி, விடிந்ததும் செய்தி

இன்றைக்கு என்றால் அடுத்த நிமிடமே எல்லார் போனும் அதிர்ந்திருக்கும். அன்று போன் இருந்த வீடே தெருவுக்கு ஒன்று இருந்தால் அதிசயம். எஸ்.டி.டி. பூத்துகள் ராத்திரி மூடியிருந்தன. டி.வி. என்றால் தூர்தர்ஷன் மட்டும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து திருவள்ளூர் இருபது கிலோமீட்டர் அளவுதான். அங்கே அந்தச் செய்தி ரேடியோவுக்கு முன்னால் பைக்கிலும் வேனிலும் வந்து சேர்ந்தது. கூட்டத்துக்குப் போய்த் திரும்பியவர்களின் சட்டையைப் பார்த்தே சிலர் விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள்.

கும்மிடிப்பூண்டியோ சென்னைக்கு வடக்கே, கொல்கத்தா போகும் சாலையில் இருக்கிறது. அங்கே லாரிகள்தான் செய்தி கொண்டுவந்தன. முதல் லாரி சொன்னதை நம்பாதவர்கள், மூன்றாவது லாரியும் அதையே சொன்னதும் அமைதியானார்கள். மில்லில் ஷிப்ட் முடியும் முன்பே உலையை அணைக்கச் சொல்லிவிட்டார்கள். விடிந்ததும் பஸ் இல்லை, கடை இல்லை, பால் இல்லை. சாலையில் கல் வீச்சு நடக்கும் என்று பயந்து, பலர் ரயில் தண்டவாளத்தை ஒட்டியே நடந்து வீடு சேர்ந்தார்கள். கத்திரி வெயில். வைகாசி முகூர்த்தத்துக்குப் பந்தல் போட்டிருந்த வீடுகளில், மேளம் இல்லாமல் தாலி கட்டிய கல்யாணங்களும் உண்டு.

இதில் ஒரு விசித்திரமும் இருக்கிறது. 1984 அக்டோபர் 31-ல் இந்திரா காந்தி சுடப்பட்டபோது, ராஜீவ் மேற்கு வங்கத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்தார். தாய்க்கு என்ன ஆனது என்பதை அவர் ஒரு டிரான்சிஸ்டரில் பி.பி.சி. செய்தி கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். ஏழு வருஷம் கூட ஆகவில்லை. அவரைப் பற்றிய செய்திக்காக நாடே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தது.

ரேடியோ கேட்க வந்த பிள்ளை

மில் தொழிலாளியின் கதையும் ஒரு ரேடியோவில்தான் தொடங்குகிறது.

1990 ஜூனில் இலங்கையில் மறுபடி போர் வெடித்தது. ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் படகேறித் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். மண்டபத்தில் இறங்கியவர்களைப் பல மாவட்ட முகாம்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். கும்மிடிப்பூண்டி முகாம் அவற்றில் பெரிய ஒன்று. அங்கே வந்த ஒரு திருகோணமலைக் குடும்பத்தில் அப்பா, அம்மா, ப்ளஸ் டூ படிக்கும் மகன், பதிமூன்று வயது மகள்.

தொழிலாளியின் வீட்டில் நல்ல டிரான்சிஸ்டர் ஒன்று இருந்தது. ஊரில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, அந்த அப்பாவும் மகளும் ராத்திரியில் பி.பி.சி. தமிழோசை கேட்க வருவார்கள். அந்தப் பிள்ளை வீட்டுக்காரம்மாவை ‘மாமி’ என்று கூப்பிடும். இலங்கைத் தமிழில் அது சாதாரண அழைப்பு. இங்கே தெருவில் எல்லோரும் சிரிப்பார்கள். “நான் என்ன மயிலாப்பூர் மாமியா?” என்று அந்த அம்மாவும் சிரிப்பார். ஆனால் வடையோ சுண்டலோ, அந்தப் பிள்ளைக்கு ஒரு கிண்ணம் தனியாக இருக்கும்.

மே 21 ராத்திரியும் வந்தார்கள். கேட்டார்கள். “போயிட்டு வாறம் மாமி” என்று சொல்லிவிட்டு முகாமுக்குத் திரும்பினார்கள். அதற்குப் பிறகுதான் குண்டு வெடித்தது.

அந்தப் பிள்ளைக்கு இப்போது நாற்பத்தேழு வயது இருக்கும். அதே முகாமில்தான் இருக்கிறார். தையல் வேலை. அன்று விடியற்காலை அப்பா தங்களை எழுப்பிச் சொன்ன முதல் வார்த்தை அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. “இனி வெளியில வாய் திறக்காதைங்கோ.”

யார் செய்தார்கள் என்று அப்போது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஆனாலும் சந்தேகம் எந்தப் பக்கம் திரும்பும் என்று முகாமில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ‘கதைக்கிறது’, ‘ஓம்’, ‘விளங்குதோ’ என்று ஒரு வார்த்தை வாயில் வந்தாலே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். “கடைக்குப் போனா சாமானைக் கையால காட்டுவன். ஊமைப் பிள்ளை எண்டுதான் ஒரு கடைக்காரர் நினைச்சிருந்தவர்” என்கிறார்.

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்கள் கொல்லப்பட்டபோது தமிழ்நாடே கொதித்து எழுந்தது. வந்தவர்களுக்குத் திண்ணையில் இடமும் தட்டில் சோறும் கொடுத்தது. அதே மக்கள் 1991-ல் விலகிப் போனார்கள். அந்த விலகலில் கோபம் மட்டும் இல்லை. நம்பிக் கதவு திறந்த வீட்டுக்குள் வந்து அடித்துவிட்டார்களே என்ற வலியும் இருந்தது. அந்த வலி நியாயமானது. அது யார் மேல் விழுந்தது என்பதுதான் கேள்வி. 1984-ல் இந்திராவைச் சுட்டவர்கள் இருவர். அதற்குப் பிறகு டெல்லியில் மட்டும் ஆயிரக்கணக்கான சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். தமிழ்நாட்டில் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் இங்கே கதவுகள் சாத்தப்பட்டன.

சாத்தாத கதவு, திறக்காத கதவு

மே 22 ராத்திரி, தமிழோசை நேரத்துக்குத் தொழிலாளி ரேடியோவைப் போட்டார். அவர்கள் வரவில்லை. மறுநாளும் இல்லை. “வராதீங்கன்னு நான் சொல்லல. ஆனா வரலையேன்னு போய்க் கேக்கவும் இல்ல. உள்ளுக்குள்ள, வராம இருக்கிறதே நல்லதுன்னு தோணுச்சு. அக்கம்பக்கம் என்ன நினைப்பாங்க, போலீஸ் வந்து கேட்டா என்ன சொல்றதுன்னு பயம்” என்கிறார்.

அதே நேரத்தில் முகாமில் கெடுபிடி கூடியது. அடிக்கடி கணக்கெடுப்பு. வெளியே போகவும் வரவும் கட்டுப்பாடு. மே 26-ல் நடக்கவிருந்த தேர்தல் ஜூன் 15-க்குத் தள்ளிப்போனது. அ.தி.மு.க. - காங்கிரஸ் கூட்டணி மாநிலத்தையே வாரிச் சுருட்டி வென்றது. அகதி மாணவர்களுக்குக் கல்லூரிக் கதவு அடைபட்டது. ப்ளஸ் டூ முடித்திருந்த அந்த அண்ணன் பெயின்ட் டப்பாவைத் தூக்கினார். 1996-ல் ஆட்சி மாறிய பிறகு வாய்ப்பு மறுபடி வந்தபோது, அவருக்குப் படிக்கிற வயசு போயிருந்தது. 1992 ஜனவரியில் அகதிகளைத் திருப்பி அனுப்பும் வேலையும் தொடங்கியது. அந்த ஆண்டு மே மாதம் புலிகள் அமைப்பு இந்தியாவில் தடை செய்யப்பட்டது.

இத்தனைக்கும் நடுவில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. 1991 ஆடி மாதம். பெரியபாளையத்தம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள். இந்தப் பக்கத்தில் ஆடிக் கூழ் இல்லாத தெருவே கிடையாது. தொழிலாளியின் மனைவி, வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தூக்குவாளியில் கூழை ஊற்றி, மேலே வெங்காயமும் மாங்காய்த் துண்டும் வைத்து மூடி, நேராக முகாம் வாசலுக்கு நடந்தார். காவலுக்கு இருந்தவர், “யாரும்மா நீ, யாரைப் பார்க்கணும்?” என்று கேட்டார். “எங்க வீட்டுப் புள்ளை ஒண்ணு உள்ளே இருக்கு. கூழ் குடிக்கணும்” என்றார் அந்த அம்மா.

பிள்ளை ஓடி வந்தது. “ஏன் பாப்பா, மாமி வீட்டுப் பக்கமே வரக் காணோம்?” இரண்டு மாதமாக வெளியாட்கள் முன்னால் வாய் திறக்காத பிள்ளை, அந்த வாசலில் நின்று சத்தமாக அழுதது. காவலர் திரும்பி நின்றுகொண்டார்.

முப்பது வருஷத்துக்கு மேலாகியும்...

வழக்கு அதன் பாதையில் போனது. பூந்தமல்லி தனி நீதிமன்றம் 1998-ல் 26 பேருக்குத் தூக்கு விதித்தது. 1999-ல் உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரை விடுவித்தது. மிஞ்சிய ஏழு பேரும் பல கட்டங்களுக்குப் பிறகு 2022-ல் வெளியே வந்தார்கள். ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் நினைவிடம் 2003-ல் திறக்கப்பட்டது. சுற்றிலும் கார் கம்பெனி, செல்போன் கம்பெனி என்று ஊரே மாறிவிட்டது. மே 21 பயங்கரவாத எதிர்ப்பு நாளாகி, அரசு அலுவலகங்களில் உறுதிமொழி எடுக்கிறார்கள்.

முகாமுக்கும் 2021-ல் பெயர் மாறியது. இப்போது அது ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’. அங்கே பிறந்து, இங்கேயே படித்து, பிள்ளை பெற்றவர்களுக்கும் குடியுரிமை மட்டும் கனவாகவே நிற்கிறது.

கூழ் கொண்டு போன அம்மா சில வருஷங்களுக்கு முன் காலமானார். அன்று ராத்திரி முழுக்க வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து அழுதவர்களில், “மாமி, மாமி” என்று அழுத ஒரு குரல் தனியாகக் கேட்டது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அந்த டிரான்சிஸ்டர் இன்னும் பரண் மேல் இருக்கிறது. பாடாது. தூக்கிப் போட அவருக்கு மனசு வரவில்லை. அந்த இரண்டு மாதம் பற்றி அந்தப் பெண்ணிடம் அவர் ஒருநாளும் பேசியதில்லை. “என் சம்சாரம் பெரிய மனுஷி. நான் அன்னிக்குப் போயிருக்கணும், போகல. இது போன்ல வந்தா அந்தப் பொண்ணு படிக்கும். அது போதும்” என்கிறார்.

இந்த மே 21-ல் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். அன்று எங்கே இருந்தீர்கள் என்று மட்டுமல்ல, அதற்கு அடுத்த நாள் யார் வீட்டுக் கதவைத் தட்டினீர்கள், யாருக்கு உங்கள் கதவு திறந்தது என்றும் கேளுங்கள்.