குஞ்சிலேயே சேவல் பெட்டை அறிதல்: வீட்டுக் கலப்பு யாருக்கு ஏற்றது?

கோழிக்குஞ்சு ஓட்டை உடைத்து வெளிவந்த நாளிலேயே அது சேவலா, பெட்டையா என்று கண்டு சொல்ல முடியுமானால், கோழி வளர்ப்போருக்கு அது பெரிய அனுகூலமே. பல ஜாதிக் கோழிகளை வீட்டிலேயே கலந்து, பிறக்கும்போதே நிறத்தால் சேவலும் பெட்டையும் வேறுபடும் குஞ்சுகளை உண்டாக்கலாம் என்னும் செய்தி கேட்டு அதில் ஆசை கொள்வோர் உளர். ஆசை நியாயமானதே. ஆயினும் எந்த வீட்டுக்கு அது லாபம், எந்த வீட்டுக்கு நஷ்டம், அதன்பொருட்டு எதை இழக்க நேரும் என்பவற்றை முதலில் சீர்தூக்கிப் பார்த்தல் அவசியம். இதில் அவசரப்படுவோர், சிறு வட்டிக்கு ஆசைப்பட்டுப் பாட்டன் வைத்துப்போன மூலதனத்தையே கரைத்தவர் ஆவர்.

இவ்வித்தை இன்று நேற்றுத் தோன்றியதன்று. பட்டைப் பிளிமத் ராக் என்னும் கோழியின் இறகில் காணும் வெண்கருங் குறுக்குவரி, பாலைப் பற்றி இறங்கும் குணம் என்பதை 1908-ல் அமெரிக்க விஞ்ஞானி ஸ்பில்மன் எடுத்துரைத்தார். முதல் உலக யுத்த காலத்தில் இங்கிலாந்தில் தானியத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, முட்டையிடாத சேவற்குஞ்சுகளுக்குத் தீனி வீணாகாமல் அவற்றை முதல் நாளே பிரித்துவிடலாம் என்று கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைப் பேராசிரியர் புன்னெட் யோசனை கூறினார். பின்னர் அவரும் பீஸ் என்பவரும் சேர்ந்து, பொன்னிறக் கேம்பைன் கோழியையும் பட்டைப் பிளிமத் ராக்கையும் கலந்து, கேம்பார் என்னும் புதிய ஜாதியை 1929-ல் உருவாக்கினர். தலைமுறை தோறும் குஞ்சின் நிறமே பாலைக் காட்டும் முதல் ஜாதி அதுவே. அதைத் தொடர்ந்து லெகார்ன் கோழியைக் கொண்டு லெக்பார் என்னும் ஜாதி வந்தது. தீனிப் பஞ்சமே இவ்வித்தையை ஊக்கிற்று என்பதை வாசகர் நினைவில் வைத்தல் நலம்.

இதன் தத்துவம் எளிது. சேவலின் உயிரணுவில் இஸட் என்னும் குரோமோசோம் இரண்டு உண்டு. பெட்டைக்கு இஸட் ஒன்றே, மற்றொன்று டபிள்யூ. ஆகையால் தாய்க்கோழி தன் இஸட்டை மகனுக்கு மட்டுமே தருகிறது. மகளோ தன் இஸட்டைத் தந்தையிடமிருந்தே பெறுகிறது. குறுக்குவரியை உண்டாக்கும் கூறு இந்த இஸட்டில் உள்ளது. எனவே வரியில்லாத சேவலை வரியுள்ள பெட்டையோடு சேர்த்தால், பிறக்கும் சேவல்கள் எல்லாம் தாயைப் போல் வரி பெறும். பெட்டைகள் எல்லாம் தந்தையைப் போல் வரியின்றி இருக்கும். ரோட் ஐலண்டு ரெட் சேவலுக்கும் பட்டைப் பிளிமத் ராக் பெட்டைக்கும் பிறக்கும் குஞ்சுகள் யாவும் கருமயிர் போர்த்தியிருக்கும். அவற்றுள் உச்சந்தலையில் வெண்பொட்டு உள்ளது சேவல், பொட்டில்லாதது பெட்டை. சேர்க்கையைத் தலைகீழாக்கி, வரியுள்ள சேவலை வரியற்ற பெட்டையோடு சேர்த்தாலோ, குஞ்சுகள் எல்லாம் வரி பெற்றுப் பால் வேறுபாடு தெரியாமற் போகும்.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்தறிதல் வேண்டும். மேற்கூறியது ஒரு தலைமுறைக்கு மட்டும் பயன்படும் கலப்பு. அக்கலப்பில் பிறந்த சேவலையும் பெட்டையையும் தமக்குள் சேர்த்தால், அடுத்த ஈட்டில் வரி சேவலிலும் பாதி, பெட்டையிலும் பாதியாகக் கலந்து தோன்றும், அடையாளம் அழிந்துவிடும். கேம்பார், லெக்பார் போன்றவையோ வேறு வகை. அவற்றில் சேவலுக்கு வரிக்கூறு இரண்டு, பெட்டைக்கு ஒன்று. இரண்டு பெற்ற சேவற்குஞ்சு வெளிறித் தோன்றும். ஒன்று பெற்ற பெட்டைக்குஞ்சின் முதுகில் பழுப்புக் கோடுகள் தெளிவாக நிற்கும். இந்த நிலை தலைமுறை தலைமுறையாக மாறாது. முன்னது வீட்டில் செய்யத்தக்கது. பின்னது அவ்வாறன்று.

ஏனெனில், பால் காட்டும் நிலைத்த ஜாதி ஒன்றை உருவாக்கக் குறைந்தது நான்கு தலைமுறை வேண்டும். முதல் ஈட்டில் கலக்க வேண்டும். இரண்டாம் ஈட்டில் கருநிறத்தை நீக்க வேண்டும். மூன்றாம் ஈட்டில் வரிக்கூறு இரண்டு பெற்ற சேவலைத் தேட வேண்டும். நான்காம் ஈட்டிலேயே பலன் நிலைக்கும். ஒவ்வொரு ஈட்டிலும் நாலில் ஒன்று, எட்டில் ஒன்று என்ற அளவிலேயே வேண்டிய குஞ்சு கிட்டும். மற்றவற்றைக் கழித்து, மிஞ்சியவற்றுள்ளும் முட்டை, உடற்கட்டு, நோய் தாங்கும் சக்தி ஆகியவற்றைப் பார்த்துத் தெரிய வேண்டும். ஒரு சேவலும் பத்துப் பெட்டையும் உள்ள வீட்டில் இதைச் செய்தால், அண்ணன் தங்கை, தந்தை மகள் என்று நெருங்கிய இரத்தமே மீண்டும் மீண்டும் சேரும். அத்தகைய மந்தையில் ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய 14 சதவீதம் உறவுக்கலப்பு ஏறும் என்பது கணக்கு. கருக்கூடாத முட்டையும், ஓட்டுக்குள்ளே மடியும் குஞ்சும், நோஞ்சான் மந்தையுமே அதன் முடிவு. நூற்றுக்கணக்கான கோழிகளும், காலுக்கு வளையமும், பெயரேடும் உள்ள பண்ணைக்கு உரிய வேலையை நான்கு கூடை உள்ள வீடு மேற்கொள்ளலாகாது.

ஒரு தலைமுறைக் கலப்பும் எல்லா வீட்டுக்கும் வேண்டுமா என்பதே அடுத்த கேள்வி. பலர் ஒரு தவறான எண்ணம் கொண்டுள்ளனர்: இக்கலப்பினால் பெட்டைகள் அதிகம் பிறக்கும் என்று. அது முற்றிலும் பிசகு. இயற்கை பாதிக்குப் பாதி தருகிறது. நிறம் அதைத் தெரிவிக்கிறதே தவிர மாற்றுவதில்லை. பன்னிரண்டு முட்டை அடை வைத்துப் பத்துக் குஞ்சு பொரித்தால், நிறம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அவற்றுள் சுமார் ஐந்து சேவலே.

அந்த ஐந்து சேவல் யாருக்குப் பாரம்? முட்டைக்கென்றே வளர்க்கும் பெரும்பண்ணைக்குப் பாரம். அங்கே சேவற்குஞ்சுக்கு விலையில்லை. வர்ணம் தீட்டித் தெருவில் விற்கப்படும் குஞ்சுகள் பெரும்பாலும் அவ்வாறு கழிக்கப்பட்ட சேவல்களே. அக்குஞ்சுகளைக் கொல்வதை ஜெர்மனி தேசம் 2022 முதல் சட்டத்தால் தடுத்துள்ளது. ஆனால் கிருஷ்ணகிரி ஜில்லாவின் கிராம வீட்டில் சேவல் பாரமன்று, அதுவே வரும்படி. கேழ்வரகுக் களிக்கு நாட்டுக்கோழிக் குழம்பு என்பது இப்பிரதேசத்தின் விருந்து. ஊர்த் தேவதைக்கு நேர்ந்துகொள்வது சேவலையே. எல்லைக்கு அப்பால் பெங்களூர் நகரத்தின் கிராக்கி உள்ளது. பண்ணைக் கோழியைவிட நாட்டுச் சேவலுக்கு உயர்ந்த விலை கிடைப்பதைச் சந்தைக்குப் போகும் எவரும் அறிவர். மேலும், கொல்லையில் மேய்ந்து கரையானும் புழுவும் சிந்திய தானியமும் தின்று வளரும் குஞ்சுக்கு முதல் எட்டு வாரத்தில் கைப்பொருள் செலவு மிகச் சொற்பம். அதற்குள் கொண்டையும் வாலும் தாமே சேவலைக் காட்டிவிடும். ஆகவே தீனியை விலைக்கு வாங்குவோர்க்கே முதல் நாள் அறிவு லாபம். மேயவிட்டு வளர்ப்போர்க்கு அது பெரும்பாலும் வேடிக்கையே.

இனி இழப்பின் பக்கம். சிறுவிடைப் பெட்டை ஆண்டுக்கு 50 முதல் 80 முட்டை வரையே இடும் என்று அதைக் குறை கூறுவர். ஆனால் அது 21 நாள் அடை கிடந்து, குஞ்சு பொரித்து, பருந்து நிழல் கண்டால் குரல் கொடுத்துச் சிறகுக்குள் அணைத்து, குஞ்சுகளை ஆளாக்கியும் விடுகிறது. மின்சாரமும் பொரிப்பான் பெட்டியும் வாங்காமல் வீட்டு மந்தையைப் புதுப்பிக்கும் சக்தி அந்த அடைகாக்கும் குணத்தில் உள்ளது. முட்டைக்கென்று தெரிந்தெடுத்த சீமை ஜாதிகளில் அக்குணம் பெரிதும் தேய்ந்துபோயிற்று. அவற்றின் இரத்தம் மந்தை முழுவதும் பரவினால், முட்டை சில கூடும். அடை உட்காரும் கோழி குறையும். அடுத்த பருவத்துக்குக் குஞ்சை விலை கொடுத்து வாங்க நேரும். சுயமாக நின்ற குடும்பம் குஞ்சு வியாபாரியை எதிர்பார்க்கும் குடும்பமாகும்.

ஓசூரைச் சுற்றித் தொழிற்சாலைகள் பெருகி, இளைஞர் பலர் ஆலை வேலைக்குச் செல்லும் இக்காலத்தில், வீட்டுக் கோழி பெரும்பாலும் பெண்டிர் கையிலும் முதியோர் கையிலுமே உள்ளது. அவசரச் செலவுக்கு அவர்கள் யாரிடமும் கைநீட்டாமல் விற்கக்கூடிய சொத்து அது. அச்சொத்தின் உயிர்நிலை தாய்க்கோழி. எந்தச் சீர்திருத்தமும் தாய்க்கோழியைக் குறைத்துவிட்டு வருமானால், அதைச் சீர்திருத்தம் என்று அழைத்தல் தகாது.

இதற்கு மறுப்புக் கூறுவோரும் உளர். நாட்டுக்கோழி என்பதே பலவகை இரத்தம் கலந்ததுதானே, இன்னும் ஒரு கலப்பால் என்ன கெடும் என்பர். கலப்பு நேர்ந்தது உண்மையே. ஆனால் பல நூற்றாண்டாக இம்மேட்டு நிலத்தின் வெயிலும் பனியும் பருந்தும் நோயும் கழித்துக்கட்டிய பிறகு நிலைத்ததே இம்மந்தை. அறைக்குள் நிறத்தைப் பார்த்துத் தெரிந்த குஞ்சு அந்தப் பரீட்சையில் இன்னும் தேறவில்லை. நிறத்துக்காக மட்டும் தெரிவு செய்வோர் மற்றக் குணங்களைத் தம்மை அறியாமலே கைவிடுகின்றனர்.

ஆயினும், கூண்டில் அடைத்துத் தீனி வாங்கி வளர்ப்போரும், பெட்டைக்குஞ்சுகளைப் பிரித்து விற்க விரும்புவோரும் ஒரு தலைமுறைக் கலப்பைச் செய்யலாம். அவர்கள் அனுசரிக்க வேண்டிய முறை வருமாறு: பட்டைப் பிளிமத் ராக் போன்ற கரும்பின்னணியில் வரியுள்ள பெட்டைகளைத் தேர்க. அவற்றுக்கு வரியில்லாத சிவப்பு அல்லது கறுப்புச் சேவலை விடுக. எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். வெள்ளைச் சேவல் ஆகாது. வெண்மை மற்ற நிறங்களை மறைத்துவிடக்கூடும். பெட்டையின் உடலில் பழைய சேவலின் வித்து இரண்டு மூன்று வாரம் உயிரோடிருக்குமாதலால், சேவலை மாற்றி மூன்று வாரம் கழிந்த பிறகே அடை முட்டையைச் சேர்த்தல் வேண்டும். உள்ளூர் வரிக்கோழியைக் கொண்டு செய்வோர் தலைப்பொட்டை மட்டும் நம்பாமல், சில வாரத்தில் இறகு முளைத்து வரி தெரியும்வரை பொறுத்தல் நலம். எல்லாவற்றுக்கும் மேலாக, இக்கலப்பில் பிறந்தவற்றைக் கறிக்கும் முட்டைக்கும் பயன்படுத்துக; அவற்றிலிருந்து மீண்டும் வித்தெடுக்கற்க. அவற்றின் சேவல்கள் தெருவில் திரிந்து அயல்வீட்டுச் சிறுவிடைப் பெட்டைகளோடு சேராதபடி காத்தல் அயலாருக்குச் செய்யும் கடமை.

புது ஜாதியை உண்டாக்கும் பொறுப்போ நிலையங்களுக்கு உரியது. இந்த ஜில்லாவுக்கு அவ்வகையில் குறைவில்லை. 1824-ல் கும்பினியார் படைக் குதிரைகளுக்காக ஏற்படுத்திய மத்திகிரிப் பண்ணை இன்று கால்நடைப் பண்ணையாக விளங்குகிறது. அதே மத்திகிரியில் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரியும் உள்ளது. சிறுவிடையின் உடலும் அடைகாக்கும் குணமும் கெடாமல், குஞ்சில் பால் காட்டும் வகை ஒன்றை ஆராய்ந்து அமைத்தல் இத்தகைய இடங்களில் நடக்கத்தக்க பணி. அது கைகூடும்வரை சர்க்கார் உதவியாக வழங்கும் குஞ்சுகள் இன்ன வகை, மேய்ச்சலுக்கு உரியவையா, கூண்டுக்கு உரியவையா, அவற்றிலிருந்து வித்தெடுக்கலாமா என்பதைப் பெறும் பெண்டிருக்குத் தெளிவாகச் சொல்லியே வழங்குதல் வேண்டும். எல்லா வீட்டுக்கும் ஒரே குஞ்சு என்னும் முறை எளிதாயினும் நல்லதன்று.

கிராமத்தார் செய்யக்கூடிய காரியமும் ஒன்று உண்டு. ஊருக்கு இரண்டு மூன்று வீடுகளாவது கலப்பில்லாத சிறுவிடை மந்தையை வைத்து, தமக்குள் சேவலை ஆண்டுக்கொரு முறை மாற்றிக்கொண்டால், உறவுக்கலப்பும் குறையும். ஊர் வித்தும் அழியாது. வெள்ளைக்கழிச்சல் நோய்க்குக் காலந்தவறாமல் தடுப்பு மருந்து கொடுத்தல் இவற்றுக்கெல்லாம் முந்தியது. நிறத்தால் பால் அறிந்து பிரித்த குஞ்சும், அறியாமல் வளர்ந்த குஞ்சும் அந்நோய் வந்தால் ஒரே இரவில் மடியும்.

விதை நெல்லைக் குத்திச் சமைக்கும் குடியானவன் இல்லை. தாய்க்கோழியும் அவ்வாறே காக்கப்பட வேண்டிய வித்து. குஞ்சின் நிறத்தைக் கண்டு மகிழ விரும்புவோர் தனிக்கூண்டில் அதைச் செய்து பயனடைக; முற்றத்து மந்தையை அதற்குப் பணயம் வையாதிருக்க.