லயத்தில் களவு போனால்

தோட்டங்களிலிருந்து சங்கக் காரியாலயத்துக்கு வருகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறைகள் எமக்குத் தெரியும். அரைப்பேர் போட்டுவிட்டார்கள், கொழுந்து நிறுவையில் கழித்துவிட்டார்கள், சேமலாப நிதி ஒழுங்காகக் கட்டவில்லை, ஓய்வுபெற்ற தகப்பனுக்குச் சேவைக்காலப் பணம் இன்னும் வரவில்லை. இப்போது இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்து வருகிறது. மலையிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் காம்பராக் கதவு திறந்து கிடந்தது என்கிறார்கள். வீட்டுக் களவு சங்கத்தின் வேலையா என்று சிலர் கேட்கலாம். பத்து வருடம் வெயிலிலும் மழையிலும் பேர் போட்டுச் சேர்த்ததை ஒருவன் பத்து நிமிடத்தில் அள்ளிக்கொண்டு போகிறான். சம்பளத்துக்காகப் போராடும் சங்கம் அந்தச் சம்பளம் வீட்டில் பத்திரமாக இருக்கிறதா என்பதையும் பார்க்கத்தான் வேண்டும்.

லயத்தில் களவெடுப்பது கஷ்டமான காரியம் அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா கட்டியபோது, உள்ளே இருப்பவரிடம் காப்பாற்ற ஒரு பொருள் இருக்கும் என்று எவரும் நினைத்திருக்க மாட்டார்கள். கதவுப் பலகையின் அடிப்பக்கம் உக்கிப்போயிருக்கிறது. தகரத்தின் ஆணிகள் துருப்பிடித்துக் கையால் தூக்கினாலே எழும்புகின்றன. பல பழைய லயங்களில் இடைச்சுவர் கூரை வரை எழும்பவில்லை. ஒரு காம்பராவுக்குள் இறங்கியவன் சுவர் ஏறி அடுத்த காம்பராவுக்கும் போகலாம். காலையில் பிரட்டுக்குப் போனவர்கள் மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பும் வரை லயத்தில் இருப்பவர்கள் நடக்க முடியாத கிழவர்களும் காய்ச்சல்காரப் பிள்ளைகளும்தான். பெருமழைக் காலத்தில் தகரத்தின் மேல் மழை கொட்டும் சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவை உடைத்தாலும் கேட்காது. காமன் கூத்து இரவிலும், தேர் இரவிலும், பெரிய சாவு வீட்டிலும் தோட்டமே ஓரிடத்தில் கூடியிருக்கும். சம்பள நாளும், தீபாவளி முற்பணம் கைக்கு வரும் நாளும் எல்லோருக்கும் தெரிந்த நாட்கள். கள்வனுக்கும் தெரியும்.

அண்மையில் எமது காரியாலயத்துக்கு ஒரு தாய் வந்தார். அரிசி வாளிக்குள் துணியில் முடிந்து வைத்திருந்த மகளின் தோடும் இரண்டு வளையலும், சீட்டுப் பணமும், பிறப்புச் சான்றிதழ்கள் இருந்த உறையும் போய்விட்டன. வைகாசியில் மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்களாம். ஆனால் அவர் வந்தது நகையைப் பற்றிப் பேச அல்ல. களவு போன மறுநாள் யாரோ சொன்னதைக் கேட்டுக் குறி பார்க்கப் போயிருக்கிறார்கள். கோடிப் பக்கத்து வீடு, உயரமான பையன் என்று குறிகாரர் சொல்லியிருக்கிறார். கோடிக் காம்பராவில் கொழும்புக் கடையொன்றில் வேலை செய்துவிட்டு வந்திருந்த பையன் ஒருவன் இருந்தான். அன்று இரவே தகப்பன் போதையில் போய் அவனை அடித்துவிட்டார். பையனுக்குக் கை முறிந்தது. இப்போது பொலிஸில் இருப்பது அடிதடி வழக்கு, அதில் எதிரி களவு கொடுத்த தகப்பன். களவைப் பற்றிய முறைப்பாடு ஐந்தாம் நாள்தான் போடப்பட்டது. அந்தப் பையன்தான் எடுத்தான் என்பதற்கு இன்றுவரை ஒரு சாட்சியும் இல்லை. அவனுடைய தாயும் இந்தத் தாயும் இருபது வருடமாக ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். “அவ மொகத்த எப்படி பாக்கிறதுன்னு தெரியலங்க” என்றுதான் அவர் அழுதார்.

இதை எழுதுவதற்குக் காரணமே அந்த அழுகைதான். லயத்தில் களவு போனால் முதலில் எழும்பும் கேள்வி ‘என்ன போனது’ என்பதல்ல, ‘யார் எடுத்தது’ என்பது. நாய் குரைக்கவில்லை, அதனால் தெரிந்தவன்தான் என்பார்கள். ஒரு துண்டு ரொட்டி போட்டால் எந்த நாயும் குரைக்காது. வேலைக்குப் போகாத பையன், கொழும்பிலிருந்து வந்தவன், முன்பு ஒரு தடவை பிடிபட்டவன், வேறு சங்கத்துக்காரன் என்று ஒரு பெயர் அரை மணித்தியாலத்தில் தயாராகிவிடும். கோயிலில் சூடம் கொளுத்திக் கும்பிடுங்கள். மன ஆறுதலுக்கு அது வேண்டும். ஆனால் குறி, மை, தேங்காய் உருட்டுவது இவையெல்லாம் ஒருவனைக் கள்வன் என்று சொல்லப் போதாது. நீதிமன்றத்தில் மட்டுமல்ல, லயத்திலும் போதக்கூடாது. ஒருவர் மேல் உண்மையாகவே சந்தேகம் இருந்தால், அதற்கான காரணத்தோடு பொலிஸாரிடம் மட்டும் சொல்லுங்கள். படத்தைப் போட்டு ‘கள்ளன்’ என்று முகநூலில் எழுதுகிற பிள்ளைகளையும் பெரியவர்கள் தடுக்க வேண்டும்.

களவு போனது தெரிந்தவுடன் செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். எமது பெண்களின் கை முதலில் தும்புத்தடியைத்தான் தேடும். சிதறிய துணியைப் பொறுக்கி, பெட்டியை மூடி, வீட்டைக் கூட்டிவிடுவார்கள். அதைச் செய்யாதீர்கள். உடைந்த பூட்டையும் திறந்த அலுமாரியையும் தொடாமல் விடுங்கள். லயமே உள்ளே வந்து எட்டிப் பார்த்தால் கைரேகையும் கால் அடையாளமும் அழிந்துவிடும். யாராவது ஒருவர் கையடக்கத் தொலைபேசியில் நாலைந்து படம் எடுத்து வைக்கட்டும். பொலிஸ் நிலையத்துக்குச் சொல்லுங்கள். அவசர இலக்கம் 119. அதே நேரத்தில் தோட்டத் தலைவருக்கும் தோட்டக் காரியாலயத்துக்கும் தெரிவியுங்கள். ‘நாளைக்குப் பேர் போய்விடும், ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம்’ என்று முறைப்பாட்டைத் தள்ளிப்போடுவது கள்வனுக்கு நாம் கொடுக்கும் லீவு. அன்று அரைநாள் பேர் போனாலும் போகட்டும், அன்றே போங்கள்.

பொலிஸ் நிலையத்தில்தான் எமது ஆட்கள் தடுமாறுகிறார்கள். நாம் தமிழில் சொல்கிறோம், அவர் சிங்களத்தில் எழுதுகிறார், என்ன எழுதியது என்று தெரியாமல் ஒப்பமிட்டுவிட்டு வருகிறோம். மூன்று பவுண் போனது ஒரு பவுணாக எழுதப்பட்டிருந்தாலும் நமக்குத் தெரியாது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், வாயால் சொல்லும் முறைப்பாட்டைச் சொல்லப்பட்ட மொழியிலேயே எழுதி, சொன்னவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது. அதிகாரியால் அந்த மொழியில் எழுத முடியாவிட்டால் முறைப்பாட்டை நீங்களே எழுதிக் கொடுக்கலாம். அதனால் போகும்போதே வெள்ளைத் தாளில் தமிழில் எழுதிக்கொண்டு போங்கள். எழுதத் தெரியாதவருக்கு ஓ.எல். படிக்கும் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும், அல்லது தலைவர் எழுதட்டும். என்ன என்ன போனது, நகை என்றால் எத்தனை பவுண், என்ன வேலைப்பாடு, கடைசியாக எப்போது பார்த்தீர்கள், வீட்டை எத்தனை மணிக்குப் பூட்டினீர்கள் என்பவை அதில் இருக்க வேண்டும். இல்லாததைச் சேர்த்து எழுதாதீர்கள். ஒரு பொய் பிடிபட்டால் மற்ற ஒன்பது உண்மையும் சந்தேகமாகும். வாசித்துக் காட்டாமல் ஒப்பம் கேட்டால், வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் நிலையத்தில் நின்று சண்டை போட வேண்டாம். மாவட்டக் காரியாலயத்துக்கு வாருங்கள், உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடமும், தேவைப்பட்டால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடமும் சங்கம் எழுத்தில் கொண்டுபோகும்.

அந்த இலக்கம் வேறு காரியங்களுக்கும் தேவைப்படும். அடையாள அட்டை போயிருந்தால் புதிதாக எடுக்கப் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி வேண்டும். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். வங்கிப் புத்தகமும் பணம் எடுக்கும் அட்டையும் போயிருந்தால் அன்றே வங்கிக்குச் சொல்லி நிறுத்துங்கள். அட்டையோடு இரகசிய இலக்கத்தையும் துண்டில் எழுதி வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அதை இன்றோடு விடுங்கள். பலர் மறந்துபோவது அடகுச் சீட்டு. நகை வங்கியில்தானே இருக்கிறது என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். சீட்டுப் போனதையும் உடனே அடகு வைத்த இடத்தில் எழுத்தில் கொடுங்கள். தொலைபேசி போனால் சிம் அட்டையை நிறுத்தச் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் நடப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘நீதான் பூட்டாமல் போனாய்’ என்று மனைவியைத் திட்டும் கணவன்மார் அதிகம். பூட்டை உடைத்தவன் எங்கேயோ இருக்க, அடி வாங்குவது வீட்டுப் பெண். பிள்ளைகள் சில நாட்கள் இரவில் தகரச் சத்தம் கேட்டாலே எழும்பி உட்காருவார்கள். வயதானவர்கள் தனியாக இருக்கப் பயப்படுவார்கள். அது இயல்பு. கொஞ்ச நாளைக்குப் பக்கத்து வீட்டார் மாறி மாறித் துணைக்குப் படுப்பது பழைய வழக்கம்தானே, அதைச் செய்யுங்கள். போன நகைக்கு ஈடாக உடனே புதிது வாங்க வேண்டும், கல்யாணம் நிற்கக்கூடாது என்று நுண்கடன்காரர்களிடம் கையெழுத்துப் போடுவதுதான் எமக்குப் பெரிய பயம். கள்வன் ஒரு தடவைதான் வந்தான். கடன்காரன் ஒவ்வொரு கிழமையும் வருவான். மாப்பிள்ளை வீட்டாரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லிப் பாருங்கள். தேவையென்றால் தோட்டக் கமிட்டியிலிருந்து இரண்டு பெரியவர்கள் கூடவே போகட்டும்.

இனி மறுபடி நடக்காமல் பார்ப்பது. பெரும்பாலான காம்பராக் கதவுகளில் பூட்டு நல்ல பூட்டு, அது தொங்கும் நாதாங்கிதான் பலவீனம். வெளிப்பக்கத்தில் நாலு சின்னத் திருகாணி; ஒரு திருப்புளி இருந்தால் போதும், பூட்டைத் தொடாமலேயே கழற்றலாம். பலகையை ஊடுருவி உள்ளே நட் போட்டு முறுக்கும் போல்ட்டுகளால் நாதாங்கியைப் பொருத்துங்கள். பெரிய செலவில்லாத வேலை, தோட்டத்துத் தச்சரே செய்து தருவார். கோடிப்புறக் கதவுக்கு உள்ளிருந்து குறுக்குக் கட்டை போடுங்கள். சாவியை இஸ்தோப்பு வளையில், பூச்சட்டிக்கு அடியில், தகர இடுக்கில் வைக்காதீர்கள். அந்த மூன்று இடமும் தோட்டம் முழுவதற்கும் தெரியும். அரிசி வாளியும் சாமிப் படத்தின் பின்பக்கமும் அப்படித்தான். நாள்தோறும் போடாத நகை வீட்டில் இருக்க வேண்டாம். நகைப் பெட்டகம் உள்ள வங்கிக் கிளை பக்கத்தில் இல்லை என்பது உண்மை. பத்திரத்துக்காகவே சிலர் சிறு தொகைக்கு அடகு வைக்கிறார்கள். வட்டியைக் கணக்குப் பார்த்துச் செய்யுங்கள், மீட்கும் திகதியை மறந்து ஏலத்தில் போக விடாதீர்கள். பத்திரங்களின் போட்டோப் பிரதி ஒரு கட்டு உறவினர் வீட்டில் இருக்கட்டும். தொலைபேசியில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்கங்கள் வரும்; அதைக் கொப்பியில் எழுதி வையுங்கள், முறைப்பாட்டில் அது உதவும்.

ஆள் இல்லாத லயம்தான் கள்வனுக்கு வசதி. வேலை விட்டு ஓய்ந்த பெரியவர்கள் லயத்துக்கு லயம் இருக்கிறார்கள். வெளியாள் யார் வந்தார், எந்த வாகனம் நின்றது என்று அவர்கள் கவனித்தால் போதும். பழைய இரும்பு வாங்க வருபவரும் கடனுக்குத் துணி விற்பவரும் கள்வர் அல்லர், அவர்களும் பிழைக்க வருகிறவர்கள். பெயரையும் ஊரையும் மரியாதையாகக் கேட்டு வைப்பதில் தவறில்லை. திருவிழா இரவுகளில் லயத்துக்கு இரண்டு பேர் முறை வைத்து விழித்திருக்கலாம். அவர்கள் கையில் டோர்ச் இருக்கட்டும், கத்தி வேண்டாம். யாரையாவது பிடித்தாலும் கட்டிவைத்து அடிக்காமல் பொலிஸில் ஒப்படையுங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று யாரோ கொண்டுவரும் தொலைபேசியையும் காஸ் சிலிண்டரையும் வாங்குகிறவர்களுக்கும் சொல்கிறோம்: களவுப் பொருள் என்று அறிந்து வாங்குவது சட்டப்படி குற்றம்.

தொழிலாளி பூட்டு வாங்கலாம், லயத்தின் கதவும் கூரையும் அவருடைய பொறுப்பு அல்ல. உக்கிய கதவை மாற்றவும், தகரத்துக்கு ஆணி அடிக்கவும் தோட்ட நிர்வாகத்திடம் கேட்பது பிச்சை அல்ல. தேயிலைக் கன்றுக்கும் பங்களாவுக்கும் காவல்காரர் இருக்கும்போது, தொழிலாளர் மலையில் நிற்கும் நேரத்தில் லயப்பக்கம் ஒரு சுற்று வரச் சொன்னால் தோட்டம் நட்டத்தில் விழுந்துவிடாது. வெளிச்சம் இன்னொரு பிரச்சினை. தோட்டப் பாதைக்கு லைட் போடச் சட்டம் இடம் தரவில்லை என்று பிரதேச சபைகள் பல காலம் சொல்லி வந்தன. 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தடை இருந்ததும் மெய். 2018 ஆம் ஆண்டில் பாராளுமன்றம் அதைத் திருத்திவிட்டது. உங்கள் வாக்கில் போன உறுப்பினர் இன்னும் பழைய கதையைச் சொன்னால், திருத்தம் வந்த வருடத்தை அவருக்கு ஞாபகப்படுத்துங்கள்.

தீபாவளி முற்பணம் கைக்கு வருமுன் ஒவ்வொரு தோட்டத் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் சேர்ந்து லயம் லயமாக ஒரு தடவை நடந்து பாருங்கள். எந்தக் காம்பராவின் கதவு உக்கியிருக்கிறது, எங்கே தகரம் தூக்கியிருக்கிறது, எந்தப் பாதையில் லைட் இல்லை என்று இலக்கத்தோடு எழுதுங்கள். ஒரு பிரதியைத் தோட்டக் காரியாலயத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒப்பம் வாங்கி, மறு பிரதியை மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். அடுத்த மாதம் நிர்வாகத்தோடு நடக்கும் பேச்சுவார்த்தையில் அந்தப் பட்டியல் மேசையில் இருக்கும்.